வைட்டமின்தானே!

"வைட்டமின்தானே, சாப்பிட்டால் என்ன குறைந்துவிடும்?" என்று கேட்பவர்களிடம் எனக்குக் கோபம் வருவதில்லை. அந்தக் கேள்வியில் கெட்ட எண்ணம் கடுகளவும் கிடையாது. பாசத்தில் பிறந்த கேள்வி அது. ஆனால் பாசத்தோடு செய்த காரியம் என்பதனாலேயே ஒரு காரியம் நியாயமாகிவிடுமா? இதைத்தான் இன்று கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

கடியப்பட்டணத்தில் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வள்ளியாறு கடலில் போய்ச் சேரும் இடத்தை அடுத்த மீனவர் ஊர் அது. கணவன் கடலுக்குப் போயிருக்கிறான். மணமாகி இரண்டு ஆண்டுகள்; குழந்தை இல்லை. கோயிலுக்குப் போய்வரும்போதெல்லாம் "ஒண்ணும் விசேஷம் இல்லியா?" என்று நாலு பேராவது கேட்டுவிடுகிறார்கள். வளைகுடா நாட்டில் வேலை பார்க்கும் இளைய மகன் அனுப்பிய சத்து மாத்திரை டப்பாவை மாமியார் எடுத்து வருகிறாள். "இதையும் சேத்துத் தின்னு மக்களே, உடம்பு தேறட்டும்" என்கிறாள். மருமகள் வாங்கிக்கொள்கிறாள். "எதோடு சேர்த்து?" என்று அவள் திருப்பிக் கேட்க முடியாது. பன்னிரண்டு வயதிலிருந்து காக்காய் வலிப்புக்கு மாத்திரை சாப்பிட்டு வருகிறவள் அவள். அந்த மாத்திரை அலமாரியில் சேலை மடிப்புக்குள் இருக்கிறது. கணவனுக்குத் தெரியும், மாமியாருக்குத் தெரியாது.

கொடுக்கிறவளுக்குத் துரோக நினைப்பு இல்லை. வாங்குகிறவளுக்கும் இல்லை. இருந்தாலும் அந்த வீட்டில் ஓர் அபாயம் ஓசையில்லாமல் நடமாடுகிறது.

சத்து மாத்திரையே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. போலிக் ஆசிட் என்னும் வைட்டமின், கருத்தரிக்க விரும்பும் பெண்ணுக்கு உண்மையிலேயே தேவை. சிசுவின் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் ஆதாரமான குழல், கரு உண்டான 28 நாட்களுக்குள் மூடிக்கொண்டுவிடுகிறது. நாள் தள்ளிப்போனதைக் கவனித்து, டாக்டரைத் தேடிப் போவதற்குள் பெரும்பாலும் அந்த வேலை முடிந்துவிடும். ஆகையால்தான் முன்கூட்டியே சாப்பிடச் சொல்கிறார்கள். அந்தக் குறையோடு முன்பு குழந்தை பெற்ற தாய்மாருக்குத் தினம் 4 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்ததில், அதே குறை மீண்டும் வருவது 72 சதவிகிதம் குறைந்தது என்று பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு 1991-ல் வெளியிட்டது.

சங்கடம் அடுத்த படியில் ஆரம்பிக்கிறது. பெனிட்டாயின் என்ற வலிப்பு மருந்து சாப்பிடுகிறவள், டாக்டருக்குத் தெரியாமல் அதிக அளவு போலிக் ஆசிட் எடுத்தால் ரத்தத்தில் அந்த மருந்தின் அளவு இறங்கிவிடலாம்; அடங்கியிருந்த வலிப்பு திரும்பலாம். வால்ப்ரோயேட் என்னும் இன்னொரு மருந்தின் கதை வேறு. பொதுவாக நூறு குழந்தைகளில் இரண்டு மூன்றுக்குப் பிறவிக் குறை இருக்குமென்றால், கருவுற்றிருக்கையில் அதைச் சாப்பிட்ட தாய்மாரின் குழந்தைகளில் நூற்றுக்குச் சுமார் பத்துக்கு இருக்கிறது. வைட்டமின் அந்தக் கணக்கை அழித்துவிடுவதில்லை. பரிகாரம் செய்துவிட்டோம் என்ற நிம்மதியை மட்டும் கொடுக்கிறது. அந்த நிம்மதிதான் எனக்குப் பயமாக இருக்கிறது. கருவுறுவதற்கு முன்பே டாக்டரிடம் போய் வேறு மருந்துக்கு மாற வழியுண்டா என்று கேட்க வேண்டியவள், டப்பாவைப் பார்த்துத் திருப்திப்பட்டு வீட்டிலேயே இருந்துவிடுவாள்.

தைராய்டு மாத்திரையும் இரும்புச் சத்து மாத்திரையும் ஒரே மடக்குத் தண்ணீரில் இறங்கினால், முதலாவது உடம்பில் சரியாகச் சேராது. நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். மீன் ஈரல் எண்ணெயில் வைட்டமின் ஏ மிகுதி. அது அளவு மீறினால் கருவுக்கே கெடுதல். கடற்கரையில் இருப்பவர்களிடம் மீனின் பெயரைச் சொல்லிப் பயமுறுத்துகிறேனே என்று வருத்தமாகத்தான் இருக்கிறது. மீன் சாப்பிடுவது வேறு, ஈரல் எண்ணெயை மாத்திரையாக்கி விழுங்குவது வேறு.

இந்த வைட்டமினுக்கு ஒரு விசித்திரமான சரித்திரம் உண்டு. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் டாக்டர் 1928-ல் இந்தியாவுக்கு வந்து, பம்பாயில் கருவுற்ற ஏழைப் பெண்களின் ரத்த சோகையை ஆராய்ந்தார். ஈஸ்ட் சாற்றில் அதைத் தீர்க்கும் ஏதோ ஒன்று இருப்பதைக் கண்டார். அந்த 'ஏதோ ஒன்றை'ச் செயற்கையாக உண்டாக்கும் வேலை 1940-களில் அமெரிக்காவில் எல்லாப்பிரகட சுப்பாராவின் தலைமையில் நிறைவேறியது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துக் கப்பலேறிய ஆந்திரர் அவர். அதே ஆராய்ச்சிக் கூடம், போலிக் ஆசிட்டின் வேலையைத் தடுக்கும் மருந்துகளையும் செய்தது. ரத்தப் புற்று நோய்க்கும் பிறகு மூட்டு வாதத்துக்கும் பயன்பட்ட மெதோட்ரெக்ஸேட் அந்த வம்சம்தான். அதைச் சாப்பிடும் பெண், கருத்தரிக்க நினைத்தால் முன்கூட்டியே டாக்டர் சொல்படி நிறுத்தியாக வேண்டும். வைட்டமினைத் துணைக்கு வைத்துக்கொண்டு சமாளித்துவிட முடியாது. உயிர் கொடுப்பதும் உயிரைத் தடுப்பதும் ஒரே மேஜையில் உருவாயின. 'வைட்டமின்தானே' என்று அலட்சியமாகச் சொல்லும்போது இது நினைவுக்கு வந்தால் நல்லது.

மறுபடியும் அந்த மருமகளிடம் வருவோம். இன்னொரு யோசனையும் அவள் மனத்தில் இருக்கும். குழந்தைக்காக வலிப்பு மாத்திரையைத் தானே நிறுத்திவிடலாமா? தாய்மையின் தியாகம் என்று நாம் கதைகளில் போற்றியிருக்கிறோமே, அந்த வகை யோசனை இது. நானும் என் போன்றவர்களும் எழுதிக் குவித்த தியாகத் தாய்களுக்கு இதில் பங்கு இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு அடுத்தடுத்து வந்து உயிரையே கொண்டுபோகலாம். கணவன் கடலில் இருக்கும் ராத்திரியில் அது வந்தால்? தாய் போன பிறகு தியாகம் யாருக்கு?

அப்படியானால் குற்றவாளி யார்? மறைத்த பெண்ணா? அவளைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. இந்து திருமணச் சட்டத்திலேயே காக்காய் வலிப்பு மணத்துக்குத் தடையாக எழுதப்பட்டிருந்தது. அந்தச் சொல்லை 1999-ல்தான் நீக்கினார்கள். கடியப்பட்டணத்து மீனவர் கிறிஸ்தவர்கள், அவர்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்பது உண்மை. ஆனால் அக்கம்பக்கத்தின் வாய்க்கு எந்த மதம்? மாமியாரா? தெரியாததற்கு அவள் என்ன செய்வாள்? எனக்கு மனத்தாங்கல் அந்தக் கணவனிடந்தான். அவனுக்கு எல்லாம் தெரியும். தாயிடம் ஒரு வார்த்தை சொல்லக்கூடியவன் அவன் ஒருவனே. அதற்குக் கடலில் போகும் தைரியத்தில் பத்தில் ஒரு பங்கு போதும்.

திருவனந்தபுரம் அங்கிருந்து எட்டாத தூரமில்லை. 1956 நவம்பர் வரை அந்த மக்களுக்கு அதுதான் தலைநகரம். இன்றும் பெரிய வைத்தியமென்றால் அங்கே போகிறவர்கள் உண்டு. அங்குள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தில், வலிப்பு நோயுள்ள பெண்களின் பேறுகாலத்துக்கென்றே 1998-ல் ஒரு பதிவேடு தொடங்கினார்கள். கருவுறுவதற்கு முன்பே பெயரைப் பதிந்துகொண்டு, என்ன மருந்து, எவ்வளவு, எந்த வைட்டமின் என்று குறித்து, குழந்தை பிறந்து வளரும் வரைக்கும் கவனிப்பதற்கான ஏற்பாடு அது. அப்படிப் போகிறவள் சேலை மடிப்பிலிருந்து அந்த அட்டையையும், வளைகுடாவிலிருந்து வந்த டப்பாவையும் ஒரே பையில் போட்டு எடுத்துக்கொண்டு போகட்டும். கூட மாமியாரும் போனால் இன்னும் நல்லது.