கேட்கும் செவியும் கொட்டும் கையும்

இசையிலே இன்பம் காண்பது இழுக்கா? இல்லை. அதிலும், உலைக்களத்திலும் வயலிலும் தேயிலைச் சரிவிலும் உழைத்த கைகளிலிருந்து நேரே பிறக்கும் மண்ணின் இசைக்குத் தனி ஆற்றல் உண்டு. இசைத்தட்டிலே அடைத்தாலும், கைப்பேசியிலே கேட்டாலும், அந்த ஆற்றல் பாதியாகிவிடுகிறது. எதிரே நின்று கேட்க வேண்டும். தோல் அதிர்வதை நம் நெஞ்சு உணர வேண்டும். கேட்கிறோம், மகிழ்கிறோம், கை தட்டுகிறோம். ஆனால், தட்டிய கை, கொட்டிய கையைப் பற்றுமா? அறம் இந்தக் கேள்வியிலேதான் தொடங்குகிறது.

நீலமலையைப் பாருங்கள். அங்கே கோத்தர் என்னும் பழங்குடியினர் ஏழு ஊர்களில் வாழ்கின்றனர். இரும்படித்தவர் அவர், மட்கலம் வனைந்தவர் அவர், மலைவாழ் மக்களுக்கு இசை வழங்கியவரும் அவரே. கொள் என்னும் ஊதுகுழலும் கொம்பும் பறையும் ஏந்தி, படகர் வீட்டுச் சாவுக்கும் தொதவர் வீட்டுச் சாவுக்கும் சென்று வாசித்தனர். தானியம் கிடைத்தது, எருமை கிடைத்தது. மதிப்பு மட்டும் கிடைக்கவில்லை. இசை வேண்டும், இசைப்பவன் எட்டி நிற்க வேண்டும் — இதுவே அன்றைய ஏற்பாடு! 1930களை ஒட்டி அந்தப் பிணைப்பு அறுந்தது. பிறர் சாவுக்கு இசைப்பது தம்மைத் தாழ்த்துகிறது என்ற உணர்வு கோத்தரிடையே எழுந்தது. படகரிலும் மாற்றம் விரும்பியோர் அந்த வழக்கத்தைக் கைவிட்டனர்.

பழமை விரும்பிகள் என்ன சொல்லியிருப்பார்கள்? "போயிற்றே கலை!" என்று புலம்பியிருப்பார்கள். போயிற்றா? இல்லை. கோத்தர் தம் ஊரில், தம் தெய்வத்துக்கு ஒரு பண், தம் இறந்தோர்க்கு வேறொரு பண் என்று இன்றும் இசைக்கின்றனர். ஆடவர் ஊதவும் கொட்டவும், ஆணும் பெண்ணும் வட்டமிட்டு ஆடுகின்றனர். இசை சாகவில்லை, ஏவல்தான் செத்தது!

அதே மலையின் தேயிலைத் தோட்டங்களுக்கு வாருங்கள். 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர் பல்லாயிரவர் கூடலூர், பந்தலூர், கோத்தகிரிப் பகுதிகளில் குடியமர்ந்தனர். அவர்களுடைய தப்புக்கு இரண்டு வரலாறு உண்டு. இலங்கைத் தோட்டத்திலே விடியுமுன் தொழிலாளரைப் பிரட்டுக்கு அழைத்ததும் தப்பு. காமன் கூத்திலே அவர்களை ஆட வைத்ததும் தப்பு. தோல் ஒன்றுதான், கோல் ஒன்றுதான். ஆனால் ஒன்று துரையின் நேரத்துக்கு அடித்தது, மற்றொன்று தன் மகிழ்ச்சிக்கு அடித்தது. இரண்டும் ஒரே இசையா?

கடல் கடந்த நாடுகளிலும் இதே கதைதான், வேறு வடிவிலே. 1739இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில் அடிமைகள் முரசு கொட்டிக் கிளர்ந்தெழுந்தனர். 1740இல் அவர்கள் முரசு வைத்திருப்பதையே சட்டம் தடுத்தது. மெக்சிகோவின் வேரகுரூஸ் துறைமுகத்தில் எளிய மக்கள் பாடியாடிய ஒரு பாட்டை 1766இல் மதவிசாரணை மன்றம் தடை செய்தது. தடுத்தும் என்ன? அந்த வட்டாரத்து மக்கள் மரப்பலகை மீது ஏறிக் காலாலேயே தாளம் தட்டினர்! ஆப்பிரிக்கர், ஸ்பானியர், பழங்குடியினர் மூவரின் மரபும் கலந்து வளர்ந்த அந்த இசையிலிருந்து எடுத்த 'லா பம்பா' பாட்டைத்தான், கலிபோர்னியாவில் பிறந்த மெக்சிக மரபினரான ரிச்சி வாலன்ஸ் என்னும் 17 வயது இளைஞர், 1958இல் மின்கிதார் முழங்கப் பாடி உலகுக்குத் தந்தார். டெக்சாஸ் மெக்சிகரோ, ஜெர்மானியக் குடியேறிகளின் துருத்தி வாத்தியத்தைத் தமதாக்கிக் கொண்டனர். தூய வேர், ஒற்றை வேர் என்று பேசுவோர் இதைக் கண் திறந்து பார்க்கட்டும். ஆல் பல விழுதால் நிற்கிறது, இசையும் அப்படித்தான்.

அங்கே "கொட்டாதே!" என்றது கட்டளை. இங்கே "கொட்டு!" என்றது கட்டளை. சொல் எதிரெதிர், பொருள் ஒன்றே — உன் கை உனக்குச் சொந்தமில்லை என்பதுதான்.

ஆகவேதான், பறையைத் தூக்கி எறிந்தவரையும் நாம் போற்றுகிறோம், பறையை மேடை ஏற்றியவரையும் போற்றுகிறோம். இது முரண் அன்று. முன்னவர் இழிவை மறுத்தார். பின்னவர் கலையை மீட்டார். முடிவெடுத்தது இருவரிடத்தும் அவரவர் கையே. 2017இல் உருவான 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு, கானாவையும் பறையையும் அமெரிக்கக் கறுப்பரின் ராப் இசையோடு இணைத்து மேடையில் முழங்கியது. பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. மகிழ்கிறோம்!

மகிழ்ச்சியோடு ஒரு வினாவையும் வைக்கிறோம். பட்டம் பெற்ற இளைஞர் பலர், எல்லாச் சாதியிலிருந்தும், இன்று பறை கற்கின்றனர், நன்று. விழா மேடையில் அவர்கள் அடிக்கலாம். ஊரில் இழவு விழுந்தால் அவர்களை அழைப்பாருண்டா? அப்போது மட்டும் ஆள் தேடிச் சேரிக்குத்தானே போகிறார்கள்! "வரமாட்டேன்" என்று சேரித் தோழன் சொன்னால், முகம் சுளிக்காமல் திரும்பும் ஊர் எத்தனை? உன் தந்தை என்ன செய்கிறார் என்று பள்ளியிலே கேட்டால், தப்படிப்பவரின் மகன் தலை நிமிர்ந்து விடை சொல்லும் நாள் எது?

இளைஞரே! கோடை விழாவுக்கு உதகை செல்லுங்கள், பழங்குடியினர் ஆடக் கண்டால் நின்று கேளுங்கள், உள்ளம் துள்ளட்டும். ஆனால், கேட்டு முடிந்ததும் மூன்று கணக்குப் பாருங்கள். இந்தக் கைக்கு உரிய கூலி கிடைத்ததா? இந்தக் கலைஞருக்கு நம்மோடு சரியாசனம் உண்டா? இன்று வேண்டாம் என்று மறுக்க இவருக்கு உரிமை உண்டா? மூன்றுக்கும் ஆம் என்றால், அது விருந்து. இல்லையென்றால், நாம் சுவைத்தது இசையன்று, பிறனுடைய அடிமைத்தனம். மறுக்க முடிந்தவன் மனமுவந்து கொட்டும் பறையே கலை. அதைக் கேட்கும் செவியே தூய செவி!