சேர்ந்து உட்கார ஓர் இடம்



பனை நிற்கும் ஊர்ப்பக்கம் போனால், மட்டையின் மீதோ மின்கம்பியின் மீதோ நாலைந்து சாம்பல் நிறப் பறவைகள் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். மைனாவைவிடச் சிறிய உடல், நீலம் கலந்த தடித்த அலகு, குட்டை வால். இதன் பெயர் மரத் தகைவிலான்.

தோற்றத்தில் தகைவிலானைப் போல இருந்தாலும் அந்தக் குடும்பத்துக்கு இது சொந்தமில்லை. இதன் நெருங்கிய உறவுகள் ஆஸ்திரேலியாவின் மேக்பையும் கசாப்புக்காரப் பறவையும்தான். உலகில் உள்ள 11 மரத் தகைவிலான் இனங்களில் பெரும்பாலானவை ஆஸ்திரேலியாவிலும் பசிபிக் தீவுகளிலும் வாழ்கின்றன. இலங்கையிலும் இந்தியப் பெருநிலத்திலும் இருப்பது ஒரே ஓர் இனம்.

பூச்சி பிடிக்கும் பறவைகள் பல இடைவெளி விட்டே உட்காரும். தகைவிலான்கள் கம்பியில் நூற்றுக்கணக்கில் வரிசைகட்டினாலும், பக்கத்துப் பறவை அலகால் எட்டாத தூரத்தில் இருக்கும். கரிச்சான் தனியாகவே உட்காரும். அதன் எல்லைக்குள் காக்கை வந்தாலும் விரட்டும். மரத் தகைவிலானின் வழக்கம் வேறு. வேட்டைக்கு ஒவ்வொன்றும் தனியாகக் கிளம்பும். முக்கோண இறக்கையை விரித்துக் காற்றில் சறுக்கி, தட்டானையோ பட்டாம்பூச்சியையோ பிடிக்கும். சில சமயம் இரையைக் காலில் பற்றிக்கொண்டு பறந்தபடியே தின்றுவிடும். திரும்பி வந்ததும் பழைய வரிசையிலேயே நெருக்கி உட்காரும். பக்கத்தில் இருப்பது சற்று நகர்ந்து இடம் கொடுக்கும். பிறகு ஒன்றின் இறகை மற்றொன்று கோதிவிடும். பருந்தோ காக்கையோ கூட்டை நெருங்கினால் எல்லாம் சேர்ந்து துரத்தும். ஆஸ்திரேலியாவில் இதன் உறவினமொன்று, குளிர் இரவுகளில் மரத்தண்டில் கொத்தாக ஒட்டிக்கொண்டு உடற்சூட்டைப் பகிர்ந்துகொள்கிறது.

உழைப்பு தனித்தனி, வாழ்க்கை சேர்ந்து. ஒன்றை விட்டால்தான் மற்றொன்று கிடைக்கும் என்று நாம்தான் நினைத்துக்கொள்கிறோம்.

ஆனால் சேர்ந்து வாழ மனம் மட்டும் போதாது. சேர்ந்து உட்கார ஓர் இடமும் வேண்டும். இந்தப் பறவைக்கு அந்த இடம் பனை. வயல்வெளியை நோட்டம் பார்ப்பதும் பெரும்பாலும் கூடு கட்டுவதும் அதில்தான். நமக்குத் திண்ணை இருந்தது, ஆலமரத்தடி இருந்தது. வீட்டை இடித்துக் கட்டும்போது முதலில் போனது திண்ணை. சாலையை அகலப்படுத்தியபோது போனது ஆலமரம். அக்கம்பக்கத்தாரோடு பேச்சு குறைந்துவிட்டது என்று பிறகு வருத்தப்படுகிறோம்.

தமிழ்நாட்டின் மாநில மரம் பனை. உங்கள் வரப்பில் நிற்கும் பனையைச் செங்கல் சூளைக்கு விற்றுவிடாதீர்கள். புது வீடு கட்டுகிறவர்கள், வாசலில் நாலு பேர் உட்கார இரண்டடி இடம் ஒதுக்குங்கள்.