எடைக்குப் போடும் முன்

வீடு மாற்றும்போதும், பெரியவர்கள் காலமான பிறகு அவர்களுடைய பீரோவைத் திறக்கும்போதும், எதை வைத்துக்கொள்வது, எதை எடைக்குப் போடுவது என்ற கேள்வி எல்லா வீட்டிலும் எழும். பத்திரம், நகை, பட்டுப்புடவை விஷயத்தில் யாருக்கும் குழப்பமில்லை. சினிமாப் பாட்டுப் புத்தகம், நாடக நோட்டீஸ், அட்டை கிழிந்த காமிக்ஸ், கீறல் விழுந்த இசைத்தட்டு இவற்றிலும் குழப்பமில்லை. நேராகப் பழைய பேப்பர்க் கடைக்குப் போய்விடும். இந்த இரண்டாவது முடிவை நாம் மிக அவசரமாக எடுத்துவிடுகிறோம் என்பது என் எண்ணம்.

அப்படி அவசரப்படாத ஒரு மனிதர் செட்டிநாட்டுக் கோட்டையூரில் இருந்தார். 1907இல் பிறந்த ரோஜா முத்தையா, சென்னையில் விளம்பரப் பலகை எழுதும் தொழில் நடத்தியவர். பிறகு ஊருக்குத் திரும்பினார். அச்சில் வந்த எதையும் விடாமல் சேர்த்தார். அரிய நூல்களோடு நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், அழைப்பிதழ் என்று மற்றவர்கள் கசக்கி எறிந்ததெல்லாம் அவர் வீட்டு அலமாரிக்கு வந்து சேர்ந்தது. 1992இல் அவர் காலமானபோது ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகள் இருந்தன. 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை விலைக்கு வாங்கியது. ஆனால் கடல் கடந்து கொண்டுபோகாமல் சென்னையிலேயே நூலகமாக அமைத்தது. தரமணியில் இன்று இயங்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அதுதான். ஏட்டுச்சுவடிகளைத் தேடி ஊர் ஊராக அலைய நமக்கு உ.வே.சா. வாய்த்தார். அரையணா நோட்டீஸுக்கு இந்த விளம்பரப் பலகைக்காரர் வாய்த்தார். இருவருக்கும் நாம் கடன்பட்டவர்கள்.

அரையணாக் காகிதத்தில் என்ன இருந்துவிடப் போகிறது என்று கேட்கலாம். சென்னையில் குஜிலிக் கடைகளில் விற்ற மலிவுப் பாட்டுப் புத்தகங்களையே எடுத்துக்கொள்வோம். எங்காவது கொலை நடந்தால் கொலைச் சிந்து, ஆறு உடைத்துக்கொண்டால் வெள்ளச் சிந்து என்று உடனுக்குடன் அச்சாகித் தெருவில் பாடி விற்கப்பட்டன. படித்தவர்கள் அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் ரயிலைப் பார்த்து நம் ஜனங்கள் எப்படி வியந்தார்கள், எந்தக் கொலையைப் பற்றி ஊரெல்லாம் பேசினார்கள் என்பதெல்லாம் அதில்தான் பதிவாகியிருக்கிறது. ஆ.இரா. வேங்கடாசலபதி இவற்றை ஆராய்ந்து ‘முச்சந்தி இலக்கியம்’ என்று ஒரு நூலே எழுத முடிந்தது. யாரோ சிலர் இவற்றைத் தூக்கி எறியாமல் வைத்திருந்ததால் நடந்தது அது.

பழைய சினிமாப் பாட்டுப் புத்தகம் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். மட்டமான காகிதம், பழுப்பேறிய ஓரம், துருப்பிடித்த பின். நடிகர் பட்டியல், கதைச் சுருக்கம், பாடல்கள். கதை முக்கியமான கட்டத்தில் நின்று, மிச்சத்தைத் திரையில் வந்து பார்க்கச் சொல்லும். பல பழைய படங்களுக்கு இப்போது பார்க்கத் திரையும் இல்லை, படச்சுருளும் இல்லை. தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ 1931இல் வெளிவந்தது. அதன் ஒரு பிரதிகூட இன்று கிடையாது. அந்தக் காலத்து விளம்பரம், விமர்சனம் போன்ற காகிதங்களை வைத்துத்தான் அதைப் பற்றிப் பேசுகிறோம்.

குரலுக்கும் அதே கதிதான். எஸ்.ஜி. கிட்டப்பா 1933இல், 27 வயதில் மறைந்தார். சினிமாவில் நடிக்கவில்லை. மேடையில் அவர் பாடிக் கேட்டவர்களும் போய்விட்டார்கள். எஞ்சியிருப்பவை நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் இசைத்தட்டுகள்தாம். அரக்கு கலந்து செய்தவை என்பதால் கனமாக இருக்கும், கைதவறினால் உடைந்துவிடும். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம், மிஞ்சினால் இன்னும் கொஞ்சம். அதற்குள் ஒரு ராகத்தின் சாயலைக் காட்டி, பாட்டையும் முடித்து, கேட்பவரைக் கட்டிப்போட வேண்டும். சரசரவென்ற இரைச்சலைத் தாண்டி அந்தக் குரல் மேல்ஸ்தாயியில் ஏறி நிற்கும்போது, ஏன் ஊரே அவருக்காக நாடகக் கொட்டகைக்கு ஓடியது என்பது விளங்கிவிடும். எத்தனை புத்தகம் படித்தாலும் இது விளங்காது.

காமிக்ஸை நான் இதே வரிசையில்தான் வைப்பேன். 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் ‘இரும்புக்கை மாயாவி’யோடு வந்தது. இங்கிலாந்துச் சித்திரக்கதை தமிழ் பேசிய அதிசயம் அது. பாடப் புத்தகத்துக்குள் ஒளித்து அதைப் படித்த பிள்ளைகளில் எத்தனையோ பேருக்கு வாசிப்புப் பழக்கமே அங்கேதான் தொடங்கியது. பெரியவர்கள் பிடுங்கிப் போட்ட அதே இதழ்களை அந்தப் பிள்ளைகள் இன்று ஊர் ஊராகத் தேடுகிறார்கள்.

இப்போது இவையெல்லாம் இணையத்தில் தட்டுப்படுகின்றன. நள்ளிரவில் எதையோ தேடப்போய், தொண்ணூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு பாட்டு காதில் விழும்போது ஏற்படும் சந்தோஷம் பெரியது. ஆனால் அந்தப் பாட்டு அங்கே தானாக வந்துவிடவில்லை. ஒருவர் தட்டைப் பத்திரமாக வைத்திருந்தார், இன்னொருவர் துடைத்து ஓட்டிப் பதிவுசெய்து ஏற்றினார். பத்து பைசா லாபம் எதிர்பார்க்காத வேலை. ஏற்றியதும் நிரந்தரமல்ல, கணக்கு மூடினால் அதுவும் போய்விடும்.

எல்லாவற்றையும் சேர்த்துக் குவிக்கச் சொல்லவில்லை. வீட்டில் இடமும் இல்லை, எல்லாவற்றுக்கும் மதிப்பும் இல்லை. பூட்டிவைத்துக் கரையானுக்குக் கொடுப்பதற்கு எடைக்குப் போடுவது எவ்வளவோ மேல். சேர்த்தவர் பிறருக்குத் திறந்துவிட்டால்தான் அது சேகரிப்பு. ஒரு மனிதரின் வாழ்க்கையை அவர் விட்டுப்போன சொத்தால் மட்டும் அளக்க முடியாது. எதைக் கேட்டு உருகினார், எதைப் படித்துச் சிரித்தார் என்பதும் அவர்தான். அதற்கான சாட்சியத்தை ஒரு கணமாவது பார்க்காமல் எறிவது, அவரைப் பாதி மறப்பதற்குச் சமம்.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பரணைக் காலி செய்யும்போது, அவசரப்படாமல் ஒரு முறை புரட்டிப் பாருங்கள். 1950க்கு முந்தைய நோட்டீஸோ பாட்டுப் புத்தகமோ கண்ணில் பட்டால் படமெடுத்து வையுங்கள். பழைய புகைப்படத்தின் பின்னால் பெயரையும் ஆண்டையும் பென்சிலால் எழுதுங்கள். வைத்துக்கொள்ள வசதியில்லையா, ரோஜா முத்தையா நூலகம் போன்ற ஒன்றைக் கேட்டுவிட்டுப் பிறகு எடைக்குப் போடுங்கள். பேப்பர்க்காரர் நாளைக்கும் வருவார்.