வாங்கிக் கொடுப்பது தாராளமா?



“மகன் இங்கிலாந்தில் வேலையாய் இருக்கிறான். ஞாயிறு பூசை கண்டபின் சிநேகிதரோடு காலாற நடந்துபோய், ‘பப்’ என்னும் கடையில் சாப்பிட்டேன் என்று எழுதுகிறான். சாமி, அது பாவமா?” இப்படிக் கேட்கும் பெற்றோர் இப்போது நம்மிடையே உண்டு. சாராயக்கடை இன்னதென்று நமக்குத் தெரியும். அங்கே போனவனுடைய கூலி என்னாகும் என்பதும் தெரியும். ஆகையால் அவர்கள் பயப்படுவதில் ஆச்சரியமில்லை. ஆயினும் ஒரு காரியத்தைத் தீர்ப்பிடுமுன் அது என்னவென்று அறிந்துகொள்வது நியாயம்.

பப் என்பது ‘பப்ளிக் ஹவுஸ்’ என்பதன் சுருக்கம். பொது வீடு என்று பொருள். பீர் காய்ச்சி விற்பவன் வாசலில் அடையாளப் பலகை தொங்கவிட வேண்டுமென்று 1393-ஆம் ஆண்டில் இரண்டாம் ரிச்சர்டு அரசன் காலத்தில் சட்டம் செய்தார்கள். அந்த அரசனுடைய சின்னமாகிய வெள்ளை மான் இன்றும் பல பப்புகளின் பலகையில் நிற்கிறது. ஞாயிறு மத்தியானம் கிராமத்துப் பப்புகளில் தாய் தகப்பன் பிள்ளைகள் சேர்ந்து, சுட்ட இறைச்சியும் உருளைக்கிழங்கும் சாப்பிடுகிறார்கள். வயல் வழியே நடந்து வந்தவர்கள் கணப்பு அருகே கால் நீட்டி இளைப்பாறுகிறார்கள். மது வேண்டாதவனுக்கும் அங்கே இடமுண்டு. கேட்டவர்களுக்குக் குடிதண்ணீர் இலவசமாய்க் கொடுக்க வேண்டுமென்று 2010 முதல் சட்டமே இருக்கிறது.

இனி, இளைப்பாறுவது குற்றமா? அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் இதைப்பற்றி எழுதும்போது ஒரு பழங்கதையை எடுத்துக் காட்டுகிறார். அர்ச். அருளப்பர் தம் சீடர்களோடு விளையாடுவதைக் கண்டு சிலர் இடறல் பட்டார்கள். அவர்களில் வில் வைத்திருந்த ஒருவனை அம்பெய்யச் சொல்லி, ஓயாமல் எய்துகொண்டே இருக்க முடியுமா என்று அருளப்பர் கேட்டார். அப்படிச் செய்தால் வில் முறிந்துபோகும் என்றான் அவன். மனித மனதும் அப்படியே என்றாராம் அவர். உழைக்கிறவனுக்கு ஓய்வு அவசியம். நல்ல தோழரோடு உண்பது அந்த ஓய்வில் ஒரு பங்கு. ஆகவே அந்தக் கடையில் கால் வைத்ததே பாவம் என்று சொல்வதற்கில்லை. ஒரு கோப்பை குடித்தால் நிறுத்த முடியாது என்று தன்னைப்பற்றி அறிந்தவனுக்கு மட்டும் அந்த வாசற்படியே பாவ சமயம். அவன் அதை விலக்கக் கடவான்.

ஆனால் அங்கே கவனிக்க வேண்டிய வழக்கம் ஒன்று உண்டு. ஐந்து பேர் சேர்ந்து போனால், ஒருவன் எழுந்து ஐவருக்கும் வாங்கி வருவான். பிறகு அடுத்தவன் முறை. இதற்கு ‘ரவுண்டு’ என்று பெயர். கணக்குப் போட்டுப் பாருங்கள். அவர்களுடைய ‘பைன்ட்’ கோப்பை 568 மில்லி. ஐந்து முறை சுற்றினால் ஆளுக்கு 2,840 மில்லி. ஒரு கோப்பை போதும் என்று வந்தவன் ஐந்து குடித்துவிட்டுப் போகிறான். ஐவரில் ஒருவனாவது ஐந்து வேண்டுமென்று கேட்டானா? இல்லை. நாம் வாங்காமல் எழுந்தால் கஞ்சன் என்பார்களே என்ற வெட்கம் ஐவரையும் கட்டி வைத்தது.

“பிறருக்கு வாங்கிக் கொடுப்பது தாராளந்தானே?” என்று கேட்பீர்கள். அரை மணிக்குள் அதே அளவில் திருப்பித் தர வேண்டியதைத் தாராளம் என்பதெப்படி? அது கடன். வேண்டாம் என்று சொல்ல மற்றவனுக்கு இடம் விடாத கொடை அவனுடைய மட்டசனத்தைக் களவாடுகிறது.

முதல் உலக யுத்தத்தில் இங்கிலாந்து அரசாங்கமே இதைக் கண்டுகொண்டது. 1915-இல், பல பகுதிகளில், ஒருவன் மற்றொருவனுக்கு மது வாங்கிக் கொடுக்கக் கூடாது என்று ஆணை பிறந்தது. அதில் ஒரு விலக்கு உண்டு: சாப்பாடு வாங்கிக் கொடுப்பவன் அதோடு மதுவும் வாங்கிக் கொடுக்கலாம். விருந்து வேறு, வீம்பு வேறு என்று அந்தச் சட்டம் பிரித்துக் காட்டியது.

டப்ளின் நகரத்துக் கூலித் தொழிலாளி மாட் டால்பட்டின் சரித்திரத்தையும் கேளுங்கள். சிறு வயது முதல் குடித்துப் பழகியவர். கையில் இருந்ததைத் தோழருக்கும் தாராளமாய்ச் செலவழித்தவர். 1884-இல், தமது 28-ஆம் வயதில், ஒரு சனிக்கிழமை காசில்லாமல் கடை வாசலில் நின்றார். அவர் காசில் குடித்தவர்கள் அவரைக் கடந்து உள்ளே போனார்கள், ஒருவரும் அழைக்கவில்லை. அவர் வீடு திரும்பி, அன்றே குடியை விடுவதாக வார்த்தைப்பாடு கொடுத்து, 1925-இல் மரிக்குமட்டும் அதைக் காத்தார். 1975-இல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிக்கையிட்டது. அத்தனை வருஷத்து ‘ரவுண்டு’ அவருக்கு ஒரு சிநேகிதனைக்கூடச் சம்பாதித்துத் தரவில்லை.

இது அக்கரைச் சங்கதி மட்டுமா? நம் ஊர்க் கலியாண வீட்டிலும் திருவிழாக் கூட்டத்திலும் “இன்று ஒரு நாள்தானே, என் மேல் பிரியமில்லையா?” என்று கையில் திணிக்கிற மாமன் மைத்துனர் இல்லையா? பயந்து வாங்கிக் குடித்த வாலிபன் வீட்டில் மனைவி முகத்தைப் பார்க்கக் கூசுகிறான். திணித்தவர் அதில் தமக்குப் பங்கில்லை என்று எண்ண வேண்டாம்.

ஆகையால், பெற்றோரே, மகனுக்கு எழுதும்போது “போகாதே” என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். தூர தேசத்தில் தனியாய் இருப்பவனுக்குத் தோழரும் வேண்டும், சூடான சாப்பாடும் வேண்டும். “சாப்பாட்டுக்கு உட்கார். உன் காசை நீயே கொடு. முறை வந்தால் மனம் கோணாமல் மற்றவருக்கு வாங்கு, உனக்குத் தேநீர் சொல். வேண்டாம் என்பவனை இரண்டாம் தடவை கேளாதே” என்று எழுதுங்கள். அதோடு, அடுத்த விசேஷத்தில் நம் வீட்டுக்கு வருகிறவர்களையும் அவ்வாறே நடத்துவோம் என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்.