ஒத்திவைத்த கடமை

ஒரு செயலைப் பின்னுக்குத் தள்ளுவதைக் குறிக்க ஆங்கிலத்தில் 'போஸ்ட்போன்', 'புரொக்ராஸ்டினேட்' என இரு வினைகள் வழங்குகின்றன. இரண்டும் இலத்தீன் வழி வந்தவை; ஆயினும் ஒன்றல்ல. 'பின்னே வைத்தல்' என்பதே முன்னதன் பொருள். மழையின் பொருட்டுக் கூட்டத்தை வேறொரு நாளுக்கு மாற்றுவோர் இச்சொல்லையே ஆளுவர், அதிற் பழிப்பில்லை. பின்னதன் உள்ளேயோ 'கிராஸ்' என்னும் இலத்தீன் சொல் ஒளிந்திருக்கின்றது. அதற்கு 'நாளை' என்று பொருள். செய்ய வேண்டியதென அறிந்தும் வாளா கடத்துவதையே அது சுட்டும்.

அரபு மொழியிலும் இத்தகைய சொல்லொன்று உண்டு. எதிர்காலத்தை உணர்த்த வினைக்கு முன் வரும் இடைச்சொல் 'ஸவ்ஃப'. 'செய்வேன், செய்வேன்' என்றே நாள் போக்குவதற்கு அதினின்றும் 'தஸ்வீஃப்' என்னும் பெயர் பிறந்தது. கடனைத் தராது இழுத்தடித்தல் 'மத்ல்' எனப்படும். இரும்பை அடித்து நீட்டுதலுக்கும் அதுவே சொல். அடி விழுவதென்னவோ கடன் கொடுத்தவர் மீதுதான்!

அவ்வாறாயின் தள்ளிவைத்தல் யாவும் தீதோ? அன்று. இடருற்ற கடனாளிக்கு வசதி வரும்வரை தவணை அளிக்கச் சொல்கின்றது திருமறை (2:280). வசதியுள்ளவர் கடனைத் தாமதிப்பதை அநீதி என்கின்றது நபிமொழி. தாமதம் ஒன்றே, பிறருக்காக நாம் பொறுத்தால் அது அருள், நமக்காகப் பிறரைக் காக்க வைத்தால் அது கொடுமை.

சில ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர் மேற்படிப்புக்கு நற்சான்றுக் கடிதம் வேண்டி வந்தார். "நாளை வாருங்கள்" என்றோம். மறுநாளும் அதையே சொன்னோம். மூன்றாம் நாள் கடிதத்தை எழுதி வைத்துக் காத்திருந்தோம், அவர் வரவில்லை. விண்ணப்பிக்கும் நாள் முந்தைய மாலையோடு முடிந்திருந்தது. நம் சோம்பலின் விலையை அவர் செலுத்தினார். பின்னர் எங்கு கண்டாலும் முதலில் ஸலாம் சொல்பவர் அவரே. அந்த ஸலாமுக்கு மறுமொழி சொல்லும்போதெல்லாம் நம் நா கூசுகின்றது.

தமிழில் 'ஒத்தி' என்பது நிலத்தை அடகு வைப்பதற்கும் பெயர். ஒத்திக்கு விட்ட நிலம் பெயருக்கு நம்முடையது. மீட்கும்வரை விளைச்சல் நமக்கில்லை. ஒத்திவைத்த கடமையும் அத்தகையதே. அன்று நாம் ஒத்தி வைத்ததோ பிறருடைய நிலம். எனவே எதையேனும் ஒத்திவைக்குமுன், காத்திருக்கப் போவது யார் என்று ஒருமுறை நம்மை நாமே கேட்டுக்கொள்வோமாக.