எண்ணெய் வரும் வழி

சொட்டுகிற இடம் ஒன்று, கசிகிற இடம் வேறு. வண்டிக்கு அடியில் கறுப்பாக ஒரு வட்டம் தெரிந்ததும், அதற்கு நேர் மேலேதான் கோளாறு என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. எண்ணெயோ தன் போக்கில் வருகிறது. எங்கோ கசிந்து, எஞ்சினின் விளிம்புகளைப் பிடித்துக்கொண்டு இறங்கும். வண்டி ஓடும்போது எதிர்க்காற்று அதைப் பின்னுக்குத் தள்ளும். கடைசியில் எந்த போல்ட் எல்லாவற்றுக்கும் கீழே இருக்கிறதோ, அதன் நுனியில் திரண்டு சொட்டும். அந்த போல்ட்டுக்கும் கசிவுக்கும் சம்பந்தமே இருக்காது.

அதனால் முதலில் ஸ்பேனரை எடுப்பதில்லை. பார்ப்பதுதான் முதல் வேலை.

*

பார்க்க வேண்டுமென்றால் துடைக்க வேண்டும். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, கொஞ்சம் டீசலும் பழைய டூத் பிரஷும் போதும். மாதக்கணக்கில் படிந்த புழுதியும் எண்ணெயும் கலந்த பிசுக்கு மெல்ல இளகுகிறது. டயரிலும் பிரேக்கிலும் டீசல் படாமல் பார்த்துக்கொள்கிறேன். பிறகு பனியன் வேஸ்ட்டால் ஈரம் போகத் துடைக்கிறேன்.

உலர்ந்த எஞ்சின்மேல் முகப் பவுடரைத் தூவி, சில நிமிடம் ஓடவிட வேண்டும். வெள்ளைப் பரப்பில் ஓர் ஈரக்கோடு மெதுவாகக் கறுத்து நீளும். அதன் கீழ்முனை எதையும் சொல்வதில்லை. மேல்முனைதான் பிறப்பிடம்.

*

எனக்கு அந்தக் கோடு முன் ஸ்ப்ராக்கெட்டின் பின்னாலிருந்து வந்தது. அங்கே ஒரு குழப்பம் உண்டு. செயினுக்குப் போட்ட எண்ணெயும் அதே இடத்தில்தான் தெறித்துத் தேங்கும். விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும்: செயின் எண்ணெய் பிசின்போல் ஒட்டும், எஞ்சின் ஆயில் வழுக்கும். வழுக்கியது. ஸ்ப்ராக்கெட் தண்டைச் சுற்றியிருக்கும் ஆயில் சீல்தான் விட்டுக்கொடுத்திருக்கிறது. பின்சக்கரத்துக்கு இவ்வளவு பக்கத்தில் கசிவதைத் தள்ளிப்போடவும் கூடாது. டயரில் எண்ணெய் பட்டால் வளைவில் வண்டி சறுக்கும்.

*

ஆயில் சீல் என்ற இந்தச் சின்ன வளையத்தின்மேல் எனக்குத் தனி மரியாதை. ஜெர்மனியின் வைன்ஹைம் நகரில், தோல் பதனிடுவதில் தொடங்கிய ஃப்ராய்டன்பெர்க் நிறுவனத்தில், வால்டர் சிம்மர் என்ற பொறியாளர் இதை உருவாக்கினார். அப்போது உலோக வளையத்துக்குள் தோலால் ஆன உதடு. இன்று பெரும்பாலும் நைட்ரைல் ரப்பர். உதட்டின் பின்னால் மெல்லிய சுருள்கம்பி ஒன்று வளையமாக உட்கார்ந்து, அதைத் தண்டின்மேல் எப்போதும் அணைத்துப் பிடிக்கிறது.

ஆனால் சுழலும் தண்டை அந்த உதடு வெறுமனே தொட்டுக்கொண்டிருப்பதில்லை. இரண்டுக்கும் நடுவே மிக மெல்லிய எண்ணெய்ப் படலம் இருக்கிறது. அது இல்லாவிட்டால் உரசிச் சூடாகி ரப்பர் கருகிவிடும். எந்த எண்ணெயை வெளியே விடாமல் காக்கிறதோ, அதில் கொஞ்சத்தைத் தன்னிடம் அனுமதித்தால்தான் சீல் பிழைக்கும். முற்றாக மூடிக்கொள்வதால் அல்ல, அளவறிந்து விடுவதால் அது காவல் செய்கிறது. இதை நினைத்துக்கொண்டே நெடுநேரம் அந்த வளையத்தைக் கையில் வைத்திருக்கலாம்.

*

பழைய ஆயிலை வடித்துவிட்டு, செயினையும் ஸ்ப்ராக்கெட்டையும் கழற்றி, அலுமினியத்தில் கீறல் விழாமல் பழைய சீலை நெம்பி எடுக்கிறேன். நகத்தால் அழுத்தினால் அமுங்கவில்லை. வருடக்கணக்கான சூட்டில் ரப்பர் இறுகிவிட்டது. புதியது அமுங்குகிறது, விட்டதும் எழுகிறது.

சுருள்கம்பி தெரியும் பக்கம் எஞ்சினை நோக்கி இருக்க வேண்டும். தண்டின் பற்கள் உதட்டைக் கிழிக்காமலிருக்க அவற்றின்மேல் டேப் சுற்றி, உதட்டில் எண்ணெய் தடவி, சுற்றிலும் ஒரே சீராக அழுத்தி உட்காரவைக்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தாலும் மறுபடி ஒழுகும்.

*

ஒழுகினால் இறுக்கு என்று கைக்கு ஒரு பழக்கம். கவரும் பேக்கிங்கும் சேரும் இடங்களில் இது கெடுதலையே செய்யும். கவர் போல்ட்களில் பெரும்பாலானவை 6 மில்லிமீட்டர். அவற்றுக்குச் சுமார் 10 நியூட்டன் மீட்டர் முறுக்கே போதும். அதற்குமேல் போனால் அலுமினிய மரை பிய்ந்துவரும். பேக்கிங் வேலை செய்வது பலத்தால் அல்ல, எல்லாப் பக்கமும் ஒரே அளவாகப் பரவும் அழுத்தத்தால். எதிரெதிர் போல்ட்களாக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கிவருவது அதற்காகத்தான்.

*

சீலை மாற்றினாலும் ஒழுகினால், எஞ்சின் மூச்சுவிடுகிறதா என்று பார்க்க வேண்டும். ஒற்றை சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 4000 சுற்று சுற்றினால், பிஸ்டன் 4000 முறை கீழிறங்கி அடியில் உள்ள காற்றை அழுத்துகிறது. அந்த அழுத்தம் தணிய ப்ரீதர் குழாய் ஒன்று இருக்கிறது. அது மடங்கியோ அடைத்தோ கிடந்தால், காற்று எந்த உதடு பலவீனமோ அதன் வழியே எண்ணெயைத் தள்ளும். அப்போது சீல்மேல் குற்றமில்லை. கசிகிற இடத்தைக் கண்டுபிடித்த பிறகும், ஏன் அங்கே என்று இன்னொரு கேள்வி பாக்கியிருக்கிறது. நான் குழாயைக் கழற்றி ஊதிப் பார்த்த பிறகே மூடினேன். காற்று தாராளமாகப் போனது.

*

வந்த வழியைப் பார்த்தால் போதாது. போகும் வழியும் நம் பொறுப்பு. வடித்தெடுத்த ஏறத்தாழ ஒரு லிட்டர் பழைய ஆயில் டப்பாவில் நிற்கிறது. லண்டன் கிளாபம் குளத்தில் பெஞ்சமின் ஃப்ராங்க்ளின் ஒரே ஒரு தேக்கரண்டி எண்ணெயை ஊற்றியபோது, ஏறக்குறைய அரை ஏக்கர் நீர்ப்பரப்பு அலையடங்கிப்போனது. 1774-இல் வெளியான அவருடைய குறிப்பு அது. நம் தெருச் சாக்கடை சேரும் ஏரியிலும் எண்ணெய் அப்படித்தான் பரவும். இந்தியாவில் 2016-ஆம் ஆண்டின் கழிவு விதிகளின்படி பயன்படுத்திய ஆயில் அபாயக் கழிவு. மறுசுத்திகரிப்புக்கு அனுப்பும் பட்டறையின் டிரம்மில் கொண்டுபோய் ஊற்றுவதுவரை பழுது பார்க்கும் வேலை முடிவதில்லை. ஒரு சொட்டு எங்கிருந்து வருகிறது என்று இத்தனை கவனமாகத் தேடியவர்களுக்கு, ஒரு லிட்டர் எங்கே போகிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.