அஞ்சேல் என்னும் அறம்

 

உளுந்தூர்ப்பேட்டையை அடுத்த திருநறுங்கொண்டையில் அப்பாண்டைநாதராய் எழுந்தருளியிருக்கும் பார்சுவநாத தீர்த்தங்கரரை வணங்கி, மங்கலம்பேட்டை வழியாக விருத்தாசலம் செல்வோர், அந்நகரின் பீங்கான் தொழிற்கூடங்களைக் கண்டிருப்பர். அங்கே களிமண்ணைப் பிசைந்து, அச்சிலிட்டு உருவாக்கி, பொறுமையுடன் உலர்த்திய பின்னரே சூளையில் அடுக்குவர். ஈரம் மாறாத பச்சைப் பொருளைக் கடும் வெயிலில் விரைந்து உலர்த்தினால் அதில் நுண்ணிய கீறல் விழும். அன்று அது கண்ணுக்குப் புலப்படாது. சூளையின் வெம்மையில் வாய் பிளக்கும்.

குழந்தையின் உள்ளமும் அத்தகைய பச்சை மண்ணே. நோயும் வறுமையும் ஒருசேர ஓர் இல்லத்துள் நுழையுங்கால், அங்குள்ள சிறாரின் உள்ளத்தில் விழும் கீறல் எத்தகையது? அதனைத் தடுக்க இல்லறத்தாராகிய நமக்குரிய கடமை யாது? இவையே இன்றைய சிந்தனை.

ஓர் இல்லத்தை மனக்கண்ணால் காண்போம். தந்தை நோயுற்றுப் படுக்கையில் வீழ்கிறார். நாட்கூலி நின்றுவிடுகிறது. தாய் மருத்துவமனைக்கும் வேலைக்குமாக அலைகிறாள். முதலில் காதணி அடகுக் கடைக்குச் செல்கிறது. பின்னர் கறவைப் பசு விலையாகிறது. இரவில் பெற்றோர் தாழ்ந்த குரலில் கடனைப் பற்றிப் பேசிக்கொள்கின்றனர். பாயில் உறங்குவதுபோல் கிடக்கும் சிறுமி அனைத்தையும் கேட்கிறாள். காலையில் ஒன்றும் வினவுவதில்லை. “நான் புதுச் சட்டை கேட்டதனால்தானோ இவ்வளவும் நேர்ந்தது?” என்று தன்மீதே பழியேற்றிக்கொள்கிறாள். பள்ளியில் வயிற்றுவலி என்கிறாள். மருத்துவர் பார்த்தால் வயிற்றில் குறையொன்றும் இல்லை. அவள் தம்பியோ பாயை நனைக்கிறான். காரணமின்றிச் சினம் கொள்கிறான். நாம் அவனை முரடன் என்கிறோம்; அவளைப் பொறுப்புள்ள பெண் என்று புகழ்கிறோம். இரண்டும் அச்சத்தின் வடிவங்களே என்பதை அறியாதிருக்கிறோம்.

இது வெறும் கற்பனையன்று. சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்தோர், தென்னிந்தியாவில் காசநோயுற்ற 304 பேரிடம் வினவித் தொகுத்த ஆய்வொன்று 1999ஆம் ஆண்டில் வெளிவந்தது. நோயாளர் சராசரியாக மூன்று மாத ஊதியத்தை இழந்தனர் என்றும், அவ்வில்லங்களில் பள்ளி சென்ற பிள்ளைகளுள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் படிப்பை நிறுத்தினர் என்றும் அது கூறுகிறது. நோய் தாக்கியது பெற்றோரின் உடலை. பறிபோனதோ பிள்ளையின் புத்தகம்!

இப்பிள்ளைகளின் மனநிலைக்கு நம் ஆகமம் முன்பே பெயரிட்டுள்ளது. தத்துவார்த்த சூத்திரத்தின் ஒன்பதாம் அத்தியாயத்தில் உமாசுவாமி ஆசாரியர் கூறும் ஆர்த்த தியானம் என்பது அதுவே. விரும்பாதது வந்து சேர்தல், விரும்பியது பிரிதல், நோவால் வருந்துதல் ஆகியவற்றையே இடைவிடாது எண்ணி உழலுதல் அதன் வகைகளாம். வறுமை விரும்பாது வந்தது. அன்னை தந்தையர் பிரிவரோ என்பது பிரிவின் அச்சம். நோவோ கண்முன் கிடக்கிறது. முதிர்ந்தோரையே நிலைகுலையச் செய்யும் இம்மூன்றும் எட்டு வயதுப் பிள்ளையின்மேல் ஒருங்கே இறங்கினால் அது எங்ஙனம் தாங்கும்?

இன்றைய மருத்துவமும் இதனை வேறு மொழியில் கூறுகிறது. அஞ்சும்போது உடலில் கார்ட்டிசோல் முதலிய சுரப்புகள் மிகுகின்றன. ஆபத்து நீங்கினால் அவை தணியும். அச்சம் நாள்தோறும் நீடித்தாலோ உறக்கமும் நினைவாற்றலும் குன்றும். நோயை எதிர்க்கும் வலிமையும் தளரும். அமெரிக்க நாட்டில் 1998ஆம் ஆண்டில் வெளியான பேராய்வொன்று, இளமையில் பல துன்பங்களுக்கு ஆளானோரிடம், முதிர்ந்த பருவத்தில் இதய நோய், மனச்சோர்வு முதலியன மிகுதியாகக் காணப்பட்டன என்று காட்டியது. பச்சை மண்ணில் விழுந்த கீறல் சூளையில் வாய் பிளத்தல் இதுவன்றோ? எனினும் அன்புடன் துணைநிற்கும் ஒருவரேனும் உடனிருப்பின், அத்துன்பத்தின் கடுமை பெரிதும் குறையும் என்பதும் மருத்துவர் கண்ட உண்மையே. நமது நம்பிக்கைக்கு இடம் அங்கேதான் உள்ளது.

இங்கு நாம் செய்யும் ஒரு பெரும்பிழையைக் கூறாதிருக்க இயலவில்லை. துன்புறும் இல்லத்திற்குச் சென்று, பிள்ளையின் காதுபட, “எல்லாம் இவர்கள் செய்த வினை” என்று உரைத்து வருகிறோம். வினைக்கொள்கை நமது சமயத்தின் உயிர்நாடியே. ஆயின் அது நம்மை நாமே திருத்திக்கொள்வதற்கு அருளப்பட்டது. பிறர் புண்ணில் கோல் இடுவதற்கன்று. தனக்கோ பிறர்க்கோ துயரமும் அழுகையும் விளைத்தல் அசாதா வேதனீய வினையைக் கட்டும் என்றும், உயிர்கள்மாட்டு இரக்கமும் தானமும் சாதா வேதனீயத்திற்குக் காரணமாகும் என்றும் அதே நூலின் ஆறாம் அத்தியாயம் போதிக்கிறது. ஆகவே, அழும் பிள்ளைக்கு வினை பேசியவர், பேசிய நொடியிலேயே தமக்கு வினை ஈட்டிக்கொண்டவராவார்.

அங்ஙனமாயின் செய்யத்தக்கது யாது? ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என்னும் நான்கு தானங்களை நம் முன்னோர் வகுத்துத் தந்தனர். பசிக்கு உணவு, பிணிக்கு மருந்து, அறியாமைக்கு நூல் என முதல் மூன்றையும் ஓரளவு செய்து வருகிறோம். நான்காவதாகிய அஞ்சேல் என்னும் அறத்தையோ, உயிர்க்கொலை தவிர்த்தல் என்ற அளவில் நிறுத்திவிட்டோம். நடுங்கும் ஒரு பிள்ளையின் நடுக்கத்தைப் போக்குதலும் அபய தானமே.

பார்சுவநாதர் இளவரசராய் இருந்த காலத்து நிகழ்ச்சியை எண்ணுங்கள். ஒரு தாபதன் தீ வளர்க்கும்பொருட்டு மரக்கட்டையைப் பிளக்க முற்பட்டான். உள்ளே உயிர்கள் உள என்று இளவரசர் தடுத்தும் அவன் கேளாது பிளந்தான். இரு நாகங்கள் வெட்டுண்டு துடித்தன. அவற்றை உயிர் பிழைக்கச் செய்யும் நிலை கடந்துவிட்டது. ஆயினும் பெருமான் விலகிச் செல்லவில்லை; அருகிருந்து அறம் உரைத்து, அவற்றின் அச்சத்தைத் தணித்தார். அமைதியுடன் உயிர் நீத்த அவையே தரணேந்திரனும் பத்மாவதியும் ஆயின. நோயைத் தீர்க்கும் ஆற்றல் நம் கையில் இல்லாத வேளையிலும், அச்சத்தைத் தீர்க்கும் ஆற்றல் உண்டு என்பதே இவ்வரலாறு நமக்குக் கற்பிக்கும் பாடம்.

மற்ற மூன்று தானங்களும் அபயத்துடன் கூடினாலன்றி முழுமை பெறா. விழா மேடையில் வறிய பிள்ளையை நிறுத்தி, பெயர் கூவி, நோட்டுப் புத்தகம் கொடுத்துப் புகைப்படம் எடுக்கிறோம். கொடுத்தவர்க்கு அது பெருமை. தோழர்முன் தலைகுனிந்து நின்ற பிள்ளைக்கோ மற்றுமொரு கீறல். அதே புத்தகத்தை அந்தி வேளையில் அவ்வீட்டுத் தாயின் கையில் சேர்ப்பித்திருந்தால் அது சாத்திர தானமும் அபய தானமும் ஒருங்கே ஆகியிருக்கும்.

தாய்மார்களே, பெரியோர்களே! நாம் செய்யத்தக்கவை சிலவற்றைக் கூறுகிறேன். வீட்டில் எவரேனும் நோயுற்றால், பிள்ளையிடம் மறைக்காது, வயதுக்கேற்ற சொற்களால் உண்மையைக் கூறுங்கள். “இதற்கு நீ காரணமன்று” என்பதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். அண்டை வீட்டில் அந்நிலை வந்தால், அப்பிள்ளையை மாலையில் உங்கள் பிள்ளையுடன் அமர்த்திப் படிக்கவும் விளையாடவும் விடுங்கள். உண்ணும் வேளையில் தனித்து அழைக்காது உடன் அமர்த்துங்கள். வேலைக்கு அனுப்பலாமா என்ற பேச்சு எழுந்தால், ஆசிரியரிடம் சென்று முறையிடுங்கள்.

அரசின் வாயில்களையும் காட்டிக் கொடுங்கள். காசநோய்க்கு அரசு மருத்துவமனைகளில் மருந்து இலவசம்; சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்கென 2018 முதல் மாதம் ரூ.500 வழங்கப்பட்டு, 2024 நவம்பர் முதல் அது ரூ.1000 ஆக உயர்த்தப்பட்டது. 1982இல் விரிவாக்கப்பட்ட சத்துணவோடு, 2022 முதல் தொடக்கப்பள்ளிகளில் காலை உணவும் தரப்படுகிறது. இடர்ப்படும் சிறார்க்கு 1098, மனத்துயர்க்கு 14416 என்னும் தொலைபேசி எண்கள் உள்ளன. எழுத்தறியாத் தாய்க்கு ஒரு விண்ணப்பம் எழுதித் தருவதும் தானமே.

இவற்றுள் பலவற்றிற்குப் பொருட்செலவு இல்லை. வேண்டுவது சிறிது நேரமும் செவியுமே. அடுத்த முறை அப்பாண்டைநாதரின் திருமுன் நிற்கும்போது, அவர் முடிமேல் விரிந்த நாகப்படத்தை நோக்குங்கள். பெருமானுக்கு இடையூறு நேர்ந்த காலத்தில் நிழலாகி நின்றது, முன்பு அவரால் அச்சம் நீங்கிய உயிரே. இன்று நாம் அஞ்சேல் என்று அணைக்கும் பிள்ளை, நாளை எத்தனை உயிர்களுக்கு நிழலாகுமோ, யார் அறிவார்!

எல்லா உயிரும் அச்சமின்றி வாழ்க! ஜின தருமம் ஓங்குக!